ஏழைகளின் பள்ளிக்குத் தலைமை



கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? தெருமுனையிலேயே நகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. கட்டணம் இல்லை; புத்தகமும் சீருடையும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கின்றன. ஆயினும், "அங்கே படிப்பு சரியில்லை" என்ற ஒற்றை வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. வசதி படைத்தவர் வேனுக்கும் சேர்த்துப் பணம் கட்டித் தம் பிள்ளையைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். வசதியற்றவர் மனத்தாங்கலோடு தெருமுனைப் பள்ளிக்கே அனுப்புகிறார். பீடி சுற்றும் தாயின் மகளும், தள்ளுவண்டியில் பழம் விற்பவரின் மகனும், தந்தையை இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையும் அங்கேதான் எஞ்சி நிற்கிறார்கள்.

இப்படி எஞ்சிய பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், "வீட்டில் வறுமை, பெற்றோருக்குப் படிப்பில்லை, பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறோம். இந்தப் பதிலில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையா? ஏழைப் பிள்ளைகளே நிறைந்த ஒரு தொடக்கப்பள்ளி நன்றாகக் கற்பிக்க முடியுமா? முடியுமென்றால் அங்கே யார், எதை, எவ்வாறு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடைதேடி அறுபது ஆண்டுகளாக உழைத்தோர் பலர். அவர்கள் கண்டறிந்தவற்றுள் நம் இல்லங்களுக்குப் பயன்படுவனவற்றை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறேன்.

குடும்பமா, பள்ளியா?

இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. நிறவேற்றுமையால் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியிருந்ததன் காரணத்தை ஆராயுமாறு அந்நாட்டு அரசு ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞரைக் கேட்டுக்கொண்டது. சுமார் 6 லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1966ஆம் ஆண்டு அவர் குழு அறிக்கை அளித்தது. கட்டடம், நூலகம், செலவுத்தொகை ஆகியவற்றில் பள்ளிகளுக்கிடையே காணப்படும் வேறுபாடுகளைவிட, பிள்ளையின் குடும்பச் சூழலே தேர்ச்சியை அதிகம் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம்.

இந்த அறிக்கையைப் படித்தவர்களில் பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்தார்கள். குடும்பமே காரணம் என்றால் பள்ளியால் ஆவதொன்றுமில்லை என்று எண்ணிவிட்டார்கள். பள்ளியின் தரம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் வசதியுள்ள பிள்ளையைவிட ஏழைப் பிள்ளையையே அது அதிகமாகப் பாதிக்கிறது என்று அதே அறிக்கை கூறியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. இது நாம் நன்கு சிந்திக்க வேண்டிய செய்தியாகும். படித்த தாய்தந்தையர் உள்ள வீட்டில், பள்ளி சொல்லித்தராததை வீடு ஈடுசெய்துவிடும். அவ்வாறு ஈடுசெய்ய எவருமில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே துணை. அந்தத் துணையும் கைவிட்டால் அப்பிள்ளை எங்கே போகும்?

இந்நிலையில் ஜார்ஜ் வெபர் என்பவர் வேறொரு வழியில் தேடத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் பொதுவாக எப்படி இருக்கின்றன என்று கேட்பதை விடுத்து, அத்தகைய பள்ளிகளுள் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பவை எங்கேனும் உள்ளனவா என்று பார்த்தார். நியூயார்க்கில் இரண்டு, கான்சாஸ் நகரில் ஒன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்று என நான்கு தொடக்கப்பள்ளிகளைப் பற்றி 1971இல் எழுதினார். அவருக்குப் பின் ரொனால்ட் எட்மண்ட்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் இத்தேடலை விரிவாக்கி, 1979இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

ஏழைப் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கும் பள்ளிகளில் சில பண்புகள் பொதுவாக இருப்பதை எட்மண்ட்ஸ் கண்டார். கற்பித்தலில் அக்கறைகொண்ட உறுதியான தலைமை அங்கே இருந்தது. எந்தப் பிள்ளையும் ஒரு குறைந்தபட்ச நிலைக்குக் கீழே நழுவிவிட அனுமதியில்லை என்ற எதிர்பார்ப்பு ஆசிரியர்களிடம் இருந்தது. பள்ளி அச்சுறுத்தும் இடமாக இல்லாமல் ஒழுங்கும் அமைதியும் உடையதாக இருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய அடிப்படைகளுக்கே முதலிடம் தரப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்பதை அடிக்கடி சோதித்தறியும் வழக்கமும் இருந்தது.

இவற்றுள் பெரும் பணச்செலவு வேண்டும் செயல் எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். இவை அனைத்தும் ஒருவர் நாள்தோறும் முன்னின்று நடத்த வேண்டிய செயல்கள். அந்த ஒருவர்தான் தலைமையாசிரியர்.

கடைசி இடத்திலிருந்த பள்ளி

பண்புகளைப் பட்டியலிடுவது எளிது. சீர்குலைந்த ஒரு பள்ளியில் அவற்றை எப்படிக் கொண்டுவருவது? இதற்குச் செயலால் விடைகண்டவர் ஜேம்ஸ் கோமர் என்னும் மனநல மருத்துவர்.

1934இல் பிறந்த கோமர், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஓர் உருக்காலைத் தொழிலாளியின் மகனாக வளர்ந்தார். அவருடைய தாய் மேகி பள்ளிக்கல்வியைப் போதிய அளவு பெறாதவர். பிறர் வீடுகளில் வேலை செய்தவர். ஆனால் தம் பிள்ளைகளின் பள்ளியோடு இடையறாத தொடர்பு வைத்திருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து பதின்மூன்று பட்டங்கள் பெற்றார்கள். அதே வட்டாரத்தில், அதே பள்ளியில், அறிவில் தமக்குச் சற்றும் குறையாத மூன்று நண்பர்கள் தம்மோடு பயின்றதாகக் கோமர் எழுதியிருக்கிறார். அவர்களுள் ஒருவர் மதுவால் இளவயதிலேயே மாண்டார். ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். மற்றொருவர் மனநலம் குன்றி மருத்துவமனைகளில் அலைந்தார். எங்களுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வந்தது என்ற கேள்வி கோமரை விடவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், 1968இல் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் தம் முயற்சியைத் தொடங்கினார். ஒன்று மார்ட்டின் லூதர் கிங் பள்ளி. மற்றொன்று பால்ட்வின் பள்ளி. அந்த நகரில் இருந்த 33 தொடக்கப்பள்ளிகளில் தேர்ச்சியில் 32ஆவது, 33ஆவது இடங்களில் இருந்தவை இவ்விரண்டும்தாம். அங்கே பயின்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். நான்காம் வகுப்பை எட்டும்போது மொழியிலும் கணக்கிலும் தம் வகுப்புக்குரிய நிலைக்கு ஒன்றரை ஆண்டு அளவில் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

முதலாண்டு வெற்றியாக அமையவில்லை. குழப்பம் மிகுந்தது, ஏமாற்றமடைந்த பெற்றோர் கோபத்தோடு பள்ளிக்குத் திரண்டு வந்தார்கள். அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கோமர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். தெற்கேயுள்ள ஒரு கிராமத்தில் வளர்ந்த எட்டு வயதுச் சிறுவனை அவனுடைய அத்தை நகருக்கு அழைத்து வந்தார். மறுநாளே, தாம் வேலைக்குப் போகும் வழியில் அவனைப் பள்ளியில் விட்டுச் சென்றார். அறிமுகமே இல்லாத முகங்கள் நிறைந்த வகுப்பறையில் அவன் திடீரென நிறுத்தப்பட்டான். அச்சத்தால் நிலைகுலைந்து, ஆசிரியையைக் காலால் உதைத்துவிட்டு வெளியே ஓடினான்.

வழக்கமான பள்ளியாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? முரடன் என்று அவன் பெயர் எழுதப்பட்டிருக்கும், தண்டனை தரப்பட்டிருக்கும். கோமரின் குழுவினரோ, ஒரு சிறுவன் இதுவரை அறிந்த அனைத்தையும் ஒரே நாளில் இழந்துவிட்டு வந்து நின்றால் அவன் உள்ளம் என்ன பாடுபடும் என்று ஆசிரியர்களோடு அமர்ந்து பேசினார்கள். அதிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. புதிதாக வரும் பிள்ளையைப் பள்ளி முழுவதும் அழைத்துச் சென்று காட்டி, அறிமுகப்படுத்தி, பிறகு வகுப்பில் அமர்த்தினார்கள். வீட்டில் நிலையற்ற வாழ்க்கை வாழும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலாவது நிலைத்த உறவு வேண்டும் என்பதற்காக, ஒரே ஆசிரியரே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள்.

பழிபோடாமை

எனினும் அம்முயற்சியின் உயிர்நாடி வேறோர் ஏற்பாட்டில் இருந்தது. பள்ளியை நடத்த ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைமையாசிரியர் அதற்குத் தலைவர். ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியர்களும், பெற்றோர்கள் தேர்ந்தெடுத்த பெற்றோர்களும், மனநல அலுவலர் ஒருவரும், பள்ளியின் உதவிப் பணியாளர்களுள் ஒருவரும் அதில் இடம்பெற்றனர். குழுவுக்கு மூன்று விதிகள் வகுக்கப்பட்டன.

முதலாவது, யார்மீதும் பழிபோடக் கூடாது. "பெற்றோர் அக்கறையற்றவர்கள்" என்று ஆசிரியர் சொல்வதும், "ஆசிரியர்கள் சோம்பேறிகள்" என்று பெற்றோர் சொல்வதும் அங்கே நிறுத்தப்பட்டன. பிரச்சினை என்ன, தீர்வு என்ன என்பது மட்டுமே பேசப்பட்டது. இரண்டாவது, கைதூக்கி வாக்கெடுத்து ஒரு சாரார் வெல்வதும் மறு சாரார் தோற்பதும் வேண்டாம்; பேசிப்பேசி அனைவரும் ஏற்கும் முடிவுக்கு வரவேண்டும். மூன்றாவது விதி மிக நுட்பமானது. குழு தலைமையாசிரியரின் கைகளைக் கட்டிப்போடக் கூடாது; தலைமையாசிரியரும் தாம் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்குக் கையெழுத்து வாங்கும் இடமாகக் குழுவைப் பயன்படுத்தக் கூடாது.

தலைமை என்பதன் பொருளை இந்த மூன்றாவது விதி தெளிவாக விளக்குகிறது. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தம் விருப்பப்படியே எல்லாவற்றையும் நடத்தினால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்; அவர் மாறிப் போன மறுநாள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாறாக, ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவரைச் செயலற்றவராக ஆக்கிவிட்டால் எந்த முடிவும் நிறைவேறாது. பொறுப்பு ஒருவரிடமும், பங்கு அனைவரிடமும் இருக்க வேண்டும்.

பலன் உடனே வரவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 1979 அளவில், அதே ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் அவ்வகுப்புக்குரிய தேர்ச்சியை எட்டினார்கள். இதற்கிடையே பால்ட்வின் பள்ளி இத்திட்டத்திலிருந்து விலகியது. அதன் இடத்தில் பிரெனன் என்ற மற்றொரு பள்ளி சேர்ந்தது. 1984இல் நான்காம் வகுப்புத் தேர்வில் கிங், பிரெனன் ஆகிய இரு பள்ளிகளும் நகரத்தின் மூன்றாவது, நான்காவது இடங்களைப் பெற்றன. வருகையிலும் கிங் பள்ளி நகரின் முதல் இரு பள்ளிகளுள் ஒன்றாக விளங்கியது. அக்கம்பக்கத்தின் வறுமை அப்படியேதான் இருந்தது. பள்ளி மாறியிருந்தது.

இம்முறை பின்னர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. எல்லா இடங்களிலும் இதே பலன் கிட்டியதாகச் சொல்ல முடியாது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளுக்கும் சேராத பள்ளிகளுக்கும் அங்கே பெரிய வேறுபாடு தென்படவில்லை. காரணம், சேர்ந்த பள்ளிகளிலும் அம்முறை உரியவாறு கடைப்பிடிக்கப்படவில்லை. பெயரளவில் குழு அமைத்தால் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று.

அளந்து பார்த்தவர்கள்

சிகாகோ நகரில் இன்னும் பரந்த அளவில் ஒரு சோதனை நடந்தது. 1988இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நகரின் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆட்சிக்குழு அமைந்தது. தொடக்கப்பள்ளிக் குழுவில் பெற்றோர் ஆறு பேர், ஊரார் இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர் ஒருவர். தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் நியமிக்கும் அதிகாரமே அக்குழுவுக்குத் தரப்பட்டது. பெற்றோரே தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் நிலை!

அதன்பின் எல்லாப் பள்ளிகளும் உயர்ந்தனவா? இல்லை. சில பள்ளிகள் வெகுவாக முன்னேறின. சில இருந்த இடத்திலேயே நின்றன. ஆந்தணி பிரைக் என்பவரும் அவர் தோழர்களும் 1990 முதல் 1996 வரையிலான நூற்றுக்கணக்கான தொடக்கப்பள்ளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டனர். தலைமை, பெற்றோருடனான பிணைப்பு, ஆசிரியரின் திறமை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் ஊக்கமும் தரும் சூழல், தெளிவான பாடமுறை ஆகிய ஐந்தையும் அவர்கள் அளந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை வலுவாக இருந்த பள்ளிகள் முன்னேறும் வாய்ப்பு, அவை நலிந்திருந்த பள்ளிகளைப் போலப் பத்து மடங்காக இருந்தது. ஐந்தையும் இயக்குவதாக அவர்கள் குறிப்பிட்டது தலைமையைத்தான். ஆனால் தலைமை மட்டும் தனித்து நின்று எதையும் சாதித்துவிடவில்லை. மிகக் கொடிய வறுமையும் குற்றங்களும் சூழ்ந்த பகுதிகளில் இந்த ஐந்தையும் கட்டியெழுப்புவதே பெரும்பாடாக இருந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஒரு நல்ல தலைமையாசிரியரால் எவ்வளவு வேறுபாடு ஏற்படும்? அமெரிக்காவில் இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து வாலஸ் அறக்கட்டளை 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. திறமையில் கீழ்க்கால் பகுதியின் எல்லையில் இருக்கும் ஒருவருக்குப் பதிலாக மேல்கால் பகுதியின் எல்லையில் இருப்பவர் தலைமையேற்றால், வாசிப்பிலும் கணக்கிலும் ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மாதப் படிப்புக்கு இணையான கூடுதல் பலன் கிட்டுகிறது என்பது அதன் கணக்கு. ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் வகுப்பாசிரியரின் பங்கு இதனினும் சற்று மிகுதி. ஆனால் வகுப்பாசிரியரின் திறமை ஒரு வகுப்புக்குப் பயன்படும். தலைமையாசிரியரின் திறமை பள்ளி முழுவதற்கும் பயன்படும்.

நம் நாட்டு நிலை

அமெரிக்காவைப் பற்றிப் பேசி என்ன பயன், நம் நாட்டில் நிலை வேறல்லவா என்று சிலர் கேட்கலாம். வேறுதான். எங்கே வேறுபடுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

2003ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் இருபது மாநிலங்களில் ஏறத்தாழ 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தனர். அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. பாதிப் பேர் அளவில்தான் அந்நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி வராத ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ததுண்டா என்று கேட்டபோது, ஏறக்குறைய 3,000 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களில் ஒரே ஒருவர்தான் ஆம் என்றார். 2010இல் கிராமப்புறங்களில் மீண்டும் பார்த்தபோதும் வராதோர் விகிதம் 24 சதவீதம் அளவில் இருந்தது. அதிகாரிகள் அடிக்கடி வந்து பார்த்த பள்ளிகளில் இது குறைவாக இருந்தது என்பதும் அப்போது தெரியவந்தது.

இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர்களை ஏசுவது என் நோக்கமன்று. கோமர் வகுத்த முதல் விதியை இங்கே நினைவிற்கொள்ளுங்கள். நம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஆசிரியரை நியமிக்கவும் அதிகாரமில்லை, நீக்கவும் அதிகாரமில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 150 பிள்ளைகளுக்கு மேல் உள்ள தொடக்கப்பள்ளிக்கே தனியாகத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. சிறிய பள்ளிகளில் தலைமையாசிரியர் என்ற பெயர் தாங்கியவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறார், பதிவேடுகளை எழுதுகிறார், மதிய உணவைச் சுவைத்துப் பார்க்கிறார், கல்வி அலுவலகத்திலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் அனுப்புகிறார். மற்ற ஆசிரியரின் வகுப்பில் சற்று அமர்ந்து கவனிக்க அவருக்கு எங்கே நேரம்?

தாளில் திட்டம் எழுதுவதால் மட்டும் இந்நிலை மாறிவிடாது. மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளில், பள்ளியை மதிப்பிட்டு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் ஏற்பாடு ஒன்று நடைமுறைப்படுத்தப்பட்டது. மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் ஆசிரியர் வருகையிலும் பிள்ளைகளின் கல்வியிலும் எந்த மாற்றமும் இல்லை என்று கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2020இல் எழுதினார்கள். திட்டம் எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிவிட்டதே அங்கே நடந்தது.

நம் கையில் உள்ள உரிமை

அப்படியானால் நாம் என்ன செய்வது? சிகாகோ பெற்றோருக்கு இருந்த அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் வெறுங்கையுடனும் நாம் இல்லை.

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி நடைபெறும் விதத்தைக் கவனிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வரும் பணம் செலவாகும் முறையைப் பார்ப்பதும் அதன் பணிகள். உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை கூறும் அளவில் மட்டும் செயல்படும் என 2012இல் திருத்தம் செய்யப்பட்டது. அதே சட்டம், பெற்றோரை முறையாகக் கூட்டிப் பிள்ளையின் வருகையையும் கற்கும் ஆற்றலையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்றும் கூறுகிறது. ஆகவே, "என் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கிறது?" என்று ஒரு தாய் கேட்பது சலுகை கோருவதன்று, சட்டம் தந்த உரிமை.

இந்த உரிமையை நம் சமுதாயம் எவ்வளவு பயன்படுத்துகிறது? நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அக்குழுவில் இருக்கிறார்கள்? இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்த பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டவர்கள்? மாலையில் மக்தப் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளை நாள்தோறும் காண்பவன் என்ற முறையில் ஒன்று கூறுகிறேன். நான்காம் வகுப்பு முடித்தும் தன் தாய்மொழியில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க இயலாத பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் பலருக்கு அது தெரியாது. பரீட்சை அட்டையில் கையெழுத்திட்டிருப்பார்கள். பிள்ளையை ஒரு முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே சில பணிகளை முன்வைக்கிறேன்.

இல்லத்திலுள்ள தாய்மார்கள் தம் பிள்ளையின் தமிழ்ப் பாடநூலைத் திறந்து, இதுவரை நடந்த பாடம் ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்தறிவு இல்லையென்றாலும் பிள்ளை தடுமாறுவதைக் காதால் அறியலாம். தடுமாறினால் அடிக்க வேண்டாம். மறுநாள் வகுப்பாசிரியரைப் பார்த்து, எந்த இடத்தில் பின்தங்கியிருக்கிறது, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கேட்கும் தொனியில் குற்றச்சாட்டு இருக்க வேண்டாம். ஏழைப் பெற்றோர் பள்ளி வாசலை மிதிக்கவே தயங்குகிறார்கள். மிதித்தால் சண்டைக்குத்தான் மிதிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்போர் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவை அவசியமே. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், வாசிக்காதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக இம்மாதம் என்ன செய்யப்போகிறோம்? அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். பெயர்களைப் பலரறிய வாசித்துப் பிள்ளைகளைத் தலைகுனியவைக்க வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் மஹல்லாவில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியரை, அவர் எந்தச் சமயத்தவராயினும், நேரில் சென்று சந்தியுங்கள். தங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் பணம் கேட்கமாட்டார். நெடுநாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாரேனும் சென்று பேச வேண்டும் என்பார். காலியான ஆசிரியர் இடத்தை நிரப்பக் கல்வி அலுவலருக்கு ஊரார் மனுக் கொடுக்க வேண்டும் என்பார். மாலையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தர இரண்டு பட்டதாரிப் பெண்கள் கிடைப்பார்களா என்பார். இவை நம்மால் இயலாதவையா? நம் ஊர்களில் பட்டம் பெற்றுவிட்டு வீட்டிலிருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் அவர்களால் ஒதுக்க இயலும்.

தலைமையாசிரியர் பொறுப்பில் உள்ள நம் சகோதர சகோதரிகளும் இப்பக்கத்தைப் படிக்கக்கூடும். தங்கள் சுமையை நான் அறிவேன். எனினும் நாளுக்கு ஒரு வகுப்பிலேனும் சில பிள்ளைகளை அருகில் அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டால், அந்தச் சிறு பழக்கத்திலேயே பள்ளியின் உண்மை நிலை தங்களுக்குத் தெரிந்துவிடும். தலைமையாசிரியர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் ஆசிரியர்களும் முக்கியம் எனக் கருதுவார்கள். பதிவேட்டை மட்டும் கேட்டால் பதிவேடு ஒழுங்காக இருக்கும். வாசிப்பைக் கேட்டால் வாசிப்பு வரும்.

வசதியுள்ளோர் தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புவதை நான் குறைகூறவில்லை. அது அவரவர் உரிமை. ஆயினும் அவர்கள் விலகும்போது, கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரும் அந்தப் பள்ளியிலிருந்து விலகிவிடுகிறார்கள். எஞ்சியுள்ள பிள்ளைகளுக்காகக் குரல்கொடுக்க ஆளில்லாமல் போகிறது. தம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அண்டைவீட்டுப் பிள்ளை அங்கே படிக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்குமானால், தெருமுனைப் பள்ளியின் கூட்டம் நடக்கும் நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, தயங்கி நிற்கும் ஒரு தாயைக் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்லலாம். இவ்வாண்டிலேயே இதைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.